தம்பியின் துவக்கு

1

டிசம்பரில் ஒரு மாலை, கனடாவில் நான் வாழும் இந்த நகரத்து மலையுச்சியிலிருந்து வானத்தை நோக்கி ஒளிக்கற்றைகளை விடுவார்கள். பல வருடங்களுக்கு முன் அதே மலைச்சரிவில் இருக்கும் பொறியியல் கல்லூரிக்குள் ஒருவன் துவக்கோடு நுழைந்து, பெண்களை வேறாகப் பிரித்து நிறுத்திச் சுட்டான். இறந்த பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு கற்றை. நோத்ர-டாம்-த-கிரேஸில் நான் சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்தை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, முகில் இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தின் மேற்பாதி தெரியும். பஸ் வரச் சுணங்கும். வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸ்வரை போகவேண்டிய எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்தக் கொலை நடந்தது நான் இங்கே வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில். என் தம்பி நேசன் எனக்கு ஒரு வருடம் முந்தி வந்தவன். இருவரும் அந்தக் கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தோம். பின்னேரம் முழுக்க சைரன் சத்தம். ஊரில் எங்களுக்குப் பழக்கமானது ஹெலியும் ஷெல்லும்தான், சைரன் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் சொல்லிவைத்ததுபோல லைட்டை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி இருந்துவிட்டோம். வீட்டுக்காரப் போர்த்துக்கீசக் கிழவி அழுதபடி இறங்கி வந்து, கையால் துவக்குப் பிடித்துக் காட்டித்தான் விஷயத்தை விளங்கப்படுத்தினாள். அவளுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. இஞ்சையும் வந்திட்டுதோ அக்கா என்று நேசன் கேட்டான்.

இதை இந்த வருடம் எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் நான் என் சொந்தத் தம்பியின் வீட்டுக்குப் பொலிஸை அனுப்பினேன். அவனுடைய துவக்கைப் பறித்துக்கொண்டு போகச் சொல்லி அனுப்பினேன். ஊரில் இருக்கும் நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்வதற்கு முன் முழுக்கதையையும் கேளுங்கள்.

2

துவக்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் கதை எங்களுக்குப் புதிதில்லை. ஐயாவிடம் லைசன்ஸ் உள்ள வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. வன்னியில் எங்களுக்கு வயல். பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். பன்றி ஒன்றாவது செத்ததாக நான் அறியவில்லை. நாடு குழம்பத் தொடங்கியபோது லைசன்ஸ் துவக்கையெல்லாம் பொலிஸில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியளின் கையில் அவை போய்விடக் கூடாதாம். ஐயா சட்டத்துக்குப் பயந்த மனிதர். சாக்கில் சுற்றிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கொஞ்சக் காலத்தில் அந்தப் பொலிஸ் ஸ்டேஷனைப் பெடியள் அடித்தார்கள். பிறகு ஒரு நாள் சோறு கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவனின் தோளில் ஐயாவின் துவக்குத் தொங்கியது. பிடியில் இருந்த வெடிப்புக்கு ஐயா சுற்றிய செப்புக்கம்பி அப்படியே இருந்தது. ஐயா அவன் கை கழுவத் தண்ணீர் வார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அரசாங்கம் துவக்கை வாங்கினால் துவக்கு இல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் செப்புக்கம்பிதான் ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உங்களில் வயதானவர்களுக்கு இது தெரியும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோகும். சாக்கால் முகம் மூடிய ஒருவனை ஜீப்புக்குள் இருத்தி, பிடித்தவர்களை அவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் லொறிக்கு. ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தலையாட்டி. சாக்குக்குள் இருந்தவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்கவேண்டும், வெளியூரானுக்கு ஆட்களைத் தெரியாதே. பதினாறு வயதில் நேசனும் அந்த வரிசையில் நடந்தான். அவனுக்குத் தலை ஆடவில்லை. அவனுக்கு முன்னால் நடந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆடியது. அந்தப் பிள்ளை திரும்பி வரவேயில்லை.

எங்கள் ஆட்களில் ஒருவனைக் கள்ளன் என்றால் அது ஒரு சண்டையோடு போகும். தலையாட்டி என்றால் பேரப்பிள்ளைகளின் கலியாணப் பேச்சுவரைக்கும் நிற்கும்.

அந்தச் சுற்றிவளைப்புக்குப் பிறகு ஐயா யோசிக்கவில்லை. வயலை விற்று நேசனை வெளியே அனுப்பினார். இராணுவமும் கொண்டுபோகக் கூடாது, இயக்கமும் கொண்டுபோகக் கூடாது, என்ரை பிள்ளை துவக்குத் தொடக் கூடாது என்றார்.

3

தொடக் கூடாதென்று அனுப்பிய பிள்ளை, நாற்பது வயது தாண்டிய பிறகு இந்த நாட்டில் கடையில் போய்த் துவக்கு வாங்கினான்.

பழக்கியவன் ரெஜான். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் நேசனோடு வேலை செய்கிற கியூபெக்காரன், பரம்பரை வேட்டைக்காரன். முதல் தடவை ரெஜானின் சாமான் தூக்கவென்று வடக்குக் காட்டுக்குப் போன நேசன், மானின் பின்னங்கால் ஒன்றோடு திரும்பி வந்தான். அவனுடைய மனைவி மலர் அதை யாழ்ப்பாணத் தூள் போட்டு இறுகக் காய்ச்சினாள். லவாலில் அவர்கள் வீட்டில் மான்கறி என்றால் பியர்பொன்ட்ஸிலிருந்து நாங்கள் சட்டியோடு போவோம். எங்கள் கோவிலில் நாயன்மார் குருபூசைக்கு முன்னால் நிற்கிற மனிதர்கள்கூட, நேசனைக் கண்டால் மெதுவாகப் பக்கத்தில் வந்து இந்தமுறை என்ன மாதிரி என்று விசாரிப்பார்கள்.

துவக்கு லைசன்ஸ் இங்கே சும்மா கிடைக்காது. வகுப்புக்குப் போகவேண்டும், சோதனை பாஸ் பண்ணவேண்டும், மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும். மலர் போட்டாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியின் பூட்டுத் திறப்பு அவளிடம்தான் இருக்கும். வேட்டைக்குப் போகிற அன்று சாமி அறையில் திருநீற்றுத் தட்டுக்குள் அதை வைப்பாள். நேசன் திருநீறு பூசிக்கொண்டு திறப்பை எடுப்பான். வந்ததும் குளித்துவிட்டு மறுபடி தட்டில் வைப்பான். அவள் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். கனடாச் சட்டத்தைவிட உன்ரை சட்டம் இறுக்கமடி என்று நான் பகிடி பண்ணுவேன். மலர் சிரிக்கமாட்டாள். அவளுடைய அண்ணன்மாரில் இருவரை ஊரில் துவக்குத்தான் கொண்டுபோனது.

உனக்கு ஏன் இந்த ஆசை என்று ஒருமுறை அவனைக் கேட்டேன். மரத்தடியில் குந்தியிருந்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதில் முக்கால்வாசி என்றான். பிறகு வேறொன்றும் சொன்னான். "அக்கா, சின்னனிலை முழுக்கத் துவக்குக்கு முன்னாலைதானே நிண்டனான். பின்னாலை நிண்டால் பயம் இல்லை."

4

சில வருடங்களுக்கு முன் அரசாங்கம், படைக்காரர் வைத்திருப்பதைப் போன்ற துவக்குகளுக்குத் தடை போட்டது. நேசனிடமும் ஒன்று அப்படி இருந்தது. ஆசைக்கு வாங்கியது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே தடை வந்துவிட்டது. வைத்திருக்கலாம், பெட்டியைவிட்டு எடுக்கக் கூடாது, அரசாங்கம் ஒரு நாள் திரும்ப வாங்கும் என்றார்கள். அந்த ஒரு நாள் வருவதற்கு வருடங்கள் ஆயின. மேற்குப் பக்கத்து மாகாணங்கள் சில மாட்டோம் என்றன. கியூபெக் சரி என்றது. கொடுப்பவர்கள் முதலில் இணையத்தில் பதியவேண்டும் என்று அறிவித்தபோது மலர் புற்றுநோயோடு படுத்திருந்தாள். ரெஜான் கொதித்துக்கொண்டிருந்தான். வேட்டைக்காரனைக் கொலைகாரனாக்குகிறார்கள் என்பது அவன் கட்சி. நேசனுக்கும் மனமில்லை. மலர் படுக்கையிலிருந்து கேட்டாள் என்பதற்காகப் பதிந்தான்.

கோடையில் மலர் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்கள் போன பிறகு, லவாலில் அவன் வீட்டு மேசையில் நாங்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணவருக்கு வாய் சும்மா இராது. துவக்கை எப்போது கொண்டுபோகிறாய் என்று நேசனைக் கேட்டுவிட்டுத் தானே பிரசங்கத்தைத் தொடங்கினார். இந்த நகரத்தில் சுடுகிற பெடியள் வைத்திருப்பது எல்லை தாண்டி வருகிற கைத்துவக்குகள், அவன்கள் கியூவில் நின்று ஒப்படைப்பான்களா, பதிந்து வைத்திருக்கிறவனிடம் வாங்கி என்ன பிரயோசனம், எல்லாம் தேர்தலுக்குக் காட்டுகிற கூத்து. எங்கள் மகள் துளசிக்குப் பொறுக்கவில்லை. அவள் இப்போது எங்களோடு வசிப்பதில்லை. நகரத்தின் நடுவில் சிநேகிதியோடு இருக்கிறாள், கோபம் வந்தால் தமிழ் அவளுக்குக் கைகொடுக்காது. பிரெஞ்சில் அவள் சொன்னதன் சாரம் இதுதான். அந்தக் கல்லூரியில் சுட்டவன் தன் துவக்கைக் கடையில் சட்டப்படி வாங்கியவன். அன்று காலைவரைக்கும் அவனும் நேர்மையான ஆள்தான்.

இரண்டு பேரும் சொன்னது சரி. எனக்கு அதுதான் எரிச்சல். இருவரில் ஒருவராவது பிழையாகக் கதைத்திருந்தால் மற்றவர் பக்கம் நின்றிருப்பேன். நேசன் தன் பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கடைசியில், மலர் சொன்னவள், குடுக்கிறன் என்று மட்டும் சொன்னான்.

இலையுதிர்காலத்தில் குறித்த நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தான். கடையிலை வெறும் போத்தில் குடுக்கிற மாதிரி வாங்கிப்போட்டு அனுப்பிட்டாங்கள் என்றான். நான் சாமிப்படத்துக்கு ஒரு கட்டி கற்பூரம் கொளுத்தினேன். அந்த வீட்டில் இனித் துவக்கு இல்லை என்று நினைத்தேன்.

எவ்வளவு பேய்த்தனம், மடத்தனம் பாருங்கள். தடை வந்த பிறகும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் எங்கள் வீட்டுக்கு மான்கறி வந்தது. பெட்டியைவிட்டு எடுக்கக் கூடாத துவக்கு என்றால், அவன் வேறு எந்தத் துவக்கால் மானைச் சுட்டான் என்று கறி தின்ற ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

5

நவம்பரில் நேசன் சாமான் கொடுக்கத் தொடங்கினான். முதலில் மலரின் கறிவேப்பிலை மரம். வீட்டுக்குள் சாடியில் வளர்த்துக் கூரைவரை கொண்டுவந்திருந்தாள். நான் தண்ணி விடமாட்டேன் அக்கா, பட்டுப் போகும், நீங்கள் வைத்திருங்கள் என்றான். நியாயம்தானே என்று கொண்டுவந்தேன். பிறகு அவளுடைய சேலைகள், கோவிலில் யாருக்காவது கொடுக்கச் சொல்லி. அதுவும் நியாயம்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை என் கணவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். கராஜில் நான்கு குளிர்கால டயர்களை அடுக்கினார். போன வருடம்தான் நேசன் வாங்கியவை. எங்கள் காருக்கும் அளவு சரியாம், சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னானாம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. டிசம்பர் பிறந்தால் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்ட இந்த மாகாணத்தில் சட்டம் விடாது. விட்டாலும் பனிக்குள் கார் நகராது. நவம்பரில் தன் டயர்களைத் தூக்கிக் கொடுக்கிற மனிதன் டிசம்பரில் எதை ஓட்டப்போகிறான்? கணவரிடம் கேட்டேன். பஸ்ஸில் போவானாக்கும் என்றார். காரை விற்பவன் டயரோடு விற்பான். வேறு கார் வாங்குபவன் ஒருவருக்காவது சொல்லியிருப்பான். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் நேசன் இந்தக் குளிர்காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே வந்தது.

நேசன் போனை எடுக்கவில்லை. ரெஜானுக்கு எடுத்தேன். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு, வெங்காயமும் உப்பும் கேட்கத்தான் காணும். ஆனாலும் அவன் பொறுமையாகக் கேட்டான். நேசன் இரண்டு கிழமையாக வேலைக்கு வரவில்லை, சுகமில்லை என்று சொல்லியிருக்கிறான், இந்த வருடம் வேட்டைக்குக் கூப்பிட்டும் வரவில்லை என்றான். அவன்தான் துவக்கைக் கொடுத்துவிட்டானே என்றேன். கொடுத்தது அவன் வருடக்கணக்காகத் தொடாதது மேடம், மானுக்குக் கொண்டுபோவது வேறு, அது தடையில் இல்லை, அது பெட்டிக்குள்தான் இருக்கிறது என்றான்.

பெட்டி அங்கே இருக்கிறது. திறப்பு மலரின் கைப்பைக்குள். வைத்தியசாலையில் மலரின் உடுப்போடு சேர்த்து அந்தக் கைப்பையை நேசனின் கையில்தான் கொடுத்தார்கள். பக்கத்தில் நான் நின்றேன்.

6

ஞாயிறு காலை மெட்ரோ பிடித்து லவாலுக்குப் போனேன். வீடு அளவுக்கு மிஞ்சித் துப்புரவாக இருந்தது. குசினியில் ஒரே ஒரு கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தேத்தண்ணி குடியுங்கோ அக்கா என்று நேசன் கேத்திலை வைத்தான். மெலிந்திருந்தான். சவரம் செய்திருந்தான், குரலில் ஒரு குழப்பமும் இல்லை. அழுதுகொண்டிருந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

திறப்பைத் தா என்று கேட்டேன். எந்தத் திறப்பு என்று அவன் கேட்கவில்லை.

"அக்கா, விசர்க்கதை கதையாதேங்கோ. சட்டப்படி வச்சிருக்கிறன். கேக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை."

"மலரிட்டை இருந்தது. இனி என்னட்டை இருக்கட்டும்."

"மலர் இல்லை."

நீ ஏதும் செய்யப்போறியோ என்று நேராகவே கேட்டேன். அவன் கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் கொதித்து அது தானாக நின்றுவிட்டது. களைச்சுப் போச்சு அக்கா என்றான். நான் இன்று இங்கேயே நிற்கிறேன் என்றேன். வேண்டாம், போங்கோ என்று என் ஜக்கெட்டை எடுத்துத் தந்தான். தம்பி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

மெட்ரோ வாசலிலேயே நின்று ரெஜானுக்கு மறுபடி எடுத்தேன். நீ போய்த் துவக்கை வாங்கி உன் வீட்டில் வைத்திரு என்று மன்றாடினேன். அவன் முந்திய நாளே போய்க் கேட்டிருக்கிறான். நேசன் கதவைத் திறக்கவில்லை. எண் ஒன்று இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லலாம், பொலிஸ் வந்து துவக்கை எடுக்கும், நீங்கள் குடும்பம், நீங்கள் சொன்னால்தான் கனம் என்றான். அரசாங்கம் துவக்கில் கைவைக்கக் கூடாது என்று மலரின் அந்தியேட்டியிலும் சத்தம் போட்டவன் அவன். நீயா இதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான். வடக்கில் அவனுடைய தங்கையின் புருஷன் ஒருவன் இருந்தானாம். அவன் என்ன நினைக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததாம். ஒருவரும் போன் எடுத்துச் சொல்லவில்லையாம். துவக்குக் கிட்ட இல்லாமல் அந்த ஒரு பொழுது தாண்டிவிட்டால் அநேகம்பேர் தாண்டிவிடுவார்கள் மேடம் என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். துளசி போனிலேயே, உடனே எடுங்கோ அம்மா என்றாள். பனி அள்ளும் வண்டி வரவில்லை என்று நகரசபைக்குப் போன் பண்ணச் சொல்கிற அதே குரல். அவளுக்குப் பொலிஸ் என்றால் கூப்பிட்டால் வருகிற ஒரு சேவை. அவளை அப்படி வளர்த்ததற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், ஆனாலும் அந்த நேரம் அவள் எனக்கு வேற்று நாட்டுப் பிள்ளையாகத் தெரிந்தாள். என் கணவர் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார்.

"சொந்தத் தம்பியைப் பொலிசுக்குக் காட்டிக் குடுக்கப் போறீரோ? நாளைக்குக் கோயில்லை எந்த முகத்தோடை நிப்பீர்?"

செய்ய நினைக்கிறவன் வேறு வழி பார்க்கமாட்டானா என்றும் கேட்டார். ஆனால் எனக்கு முன்னால் அப்போது நின்றது வேறு எதுவும் இல்லை, ஜீப்புக்குள் இருந்த அந்தச் சாக்கு முகம்தான். அவன் தலையை ஆட்டினால் பிள்ளை போய்விடும். நான் ஆட்டாவிட்டால் போய்விடும். எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

அழுது முடித்துக் குசினியில் இருந்துகொண்டு அந்த எண்ணுக்கு எடுத்தேன். பிரெஞ்சில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு மாறி, நடுவில் தமிழே வந்துவிட்டது. மறுபக்கத்துப் பெண் ஆறுதலாகச் சொல்லுங்கள் என்றாள். அவனுக்கு மனைவி செத்த கதையைச் சொன்னேன், டயர் கதையைச் சொன்னேன். டயர் என்றதும் அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. வீட்டில் எத்தனை துவக்கு என்று எனக்குத் தெரியாது என்றேன். பரவாயில்லை, பதிவில் இருக்கிறது என்றாள். என் கணவர் தண்டச் செலவு என்று நக்கல் அடிக்கிற அதே பதிவு. கடைசியில், பயப்பட வேண்டாம், உங்கள் பெயரை அவரிடம் சொல்லமாட்டோம் என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வேண்டாம்," என்றேன். "அக்காதான் சொன்னவ எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ." தமிழில் சொல்லிவிட்டு, பிறகு எனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் சொன்னேன்.

7

அன்றைக்கே போனார்கள். துளசிக்கு அவன் பிறகு சொன்னபடி, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்களாம், குரல் உயர்த்தவில்லையாம். திறப்பு சாமி அறையில் இருக்கிறது, சப்பாத்தோடு வராதீர்கள் என்று நேசன் சொல்ல, பொலிஸ்காரி தன் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனாளாம். துவக்கை எடுத்துக்கொண்டு அவனை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் டொக்டரோடு பேச வைத்தார்கள். சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது மாத்திரை எடுக்கிறான். துளசி வார இறுதிகளில் போய் அவனோடு இருக்கிறாள். இரண்டு பேரும் பிரெஞ்சில் கதைக்கிறார்களாம், தமிழில் கதைத்தால் மலரைப் பற்றிக் கதைக்கவேண்டி வந்துவிடும் என்று மாமா சொன்னாராம்.

வீட்டுக்கு வந்த அன்று எனக்குப் போன் எடுத்தான். அவன் குரலைக் கேட்டதும் கடவுளே என்று இருந்தது.

"அக்கா, தலையாட்டிப்போட்டீங்கள்," என்றான். வைத்துவிட்டான்.

துவக்கைத் திரும்ப வாங்கும் திட்டம் வேலை செய்கிறதா என்று என் கணவரும் துளசியும் இன்னமும் வாக்குவாதப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், திட்டம் வாங்கிக்கொண்டு போன துவக்கு ஒருவரையும் கொன்றிருக்காது. அது பெட்டிக்குள் தூங்கிக் கிடந்தது. திட்டம் தொடாமல் விட்ட துவக்குக்குத்தான் நான் பயந்தேன். ஆனால் லைசன்ஸ், பூட்டு, பதிவு, கூப்பிட ஒரு எண் என்று இந்த நாடு வேறு சில கட்டுப்பாடுகளையும் வைத்திருக்கிறது. அவை இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் யாரிடம் போயிருப்பேன்? மலரின் கையெழுத்தைச் சட்டம் கேட்டபடியால்தான் அவளால் திறப்பையும் கேட்க முடிந்தது. அதே நேரம், அவள் போன பிறகு அந்தத் திறப்பு எங்கே என்று கேட்க எந்தச் சட்டத்துக்கும் தெரியவில்லை. நடந்த சாவை எண்ணலாம், அதற்கு மலையிலிருந்து வெளிச்சமும் விடலாம். நடக்காமல் போனதை யார் எண்ணுவது? ஒருவேளை நேசன் ஒன்றுமே செய்திருக்கமாட்டான். டயரை வெறுமனே அன்பாகக் கொடுத்திருப்பான். அப்படியானால் நான் ஒரு காரணமும் இல்லாமல் என் தம்பியின் வீட்டுக்குள் பொலிஸை விட்டவள். இது எனக்கு ஒருநாளும் தெரியவராது, அவனும் சொல்லமாட்டான்.

கோவிலில் விஷயம் பரவிவிட்டது. என் கணவர் சொன்ன மாதிரித்தான் நடந்தது, ஒருவர் இருவர் என்னைக் கண்டால் செருப்பைத் தேடுகிற சாட்டில் குனிந்துகொள்கிறார்கள். அது எனக்குப் பெரிதில்லை. நேசன் என்னோடு கதைக்காததுதான் சோற்றை இறங்கவிடாமல் செய்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் ஒரு வாரம்கூட நாங்கள் கதைக்காமல் இருந்ததில்லை.

அதனால் ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்கு இறங்குமுன் அவனுக்குப் போன் எடுக்கிறேன். என் நம்பர் அவனுக்குத் தெரியும். எடுக்காமல் விடலாம், தடுத்து வைக்கலாம், துளசியைக் கேட்டால் நொடியில் செய்து கொடுப்பாள். ஆனால் எடுக்கிறான். நான் தம்பி என்பேன். ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். உடனே வைத்துவிடுவான்.

அவன் வைக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் சப்பாத்தைப் போடுகிறேன்.